எல்லைக்கு அந்தப் பக்கம் நின்ற டிரெய்லர்

சண்முகவடிவின் டிரெய்லர் சாலைக்கு அந்தப் பக்கம் நின்றது. அவளோ சாலையைத் தாண்டக் கூடாது. ஒரு செவ்வாயிலிருந்து அடுத்த செவ்வாய் வரை அவளை அரித்துக்கொண்டிருந்தது இதுதான்.

தாராவியில், தொண்ணூறு அடி ரோட்டை ஒட்டிய சந்துக்குள் முத்தாரம்மன் கோயில். வைகாசிக் கொடைத் திருவிழாவுக்குக் கையில் காப்புக் கட்டியவர்கள், கொடை முடிந்து காப்பு அவிழ்க்கும்வரை கோயில் எல்லையை விட்டு வெளியே போகக் கூடாது. எல்லை எது என்பதைக் கமிட்டி உட்கார்ந்து பேசித்தான் முடிவு செய்திருந்தது. கிழக்கே தண்ணீர்க் குழாய், தெற்கே ரேஷன் கடை, வடக்கே பிள்ளையார் கோயில், மேற்கே ரோட்டின் இந்த ஓரத்து விளக்குக் கம்பம். கம்பத்தில் வேப்பங்குழை கட்டியாகிவிட்டால் காப்புக் கட்டிய கால் அதைத் தாண்டாது. சில வருடங்களுக்கு முன்புவரை ரோட்டின் அந்த ஓரமும் எல்லைக்குள்தான் இருந்தது. அங்கே வேறொரு விழா மண்டலிக்காரர்கள் பந்தல் போட ஆரம்பித்து, வாய்த்தகராறு முற்றி, கடைசியில் எல்லை இந்த ஓரத்துக்குச் சுருங்கியது. அம்மனை யாரும் கேட்கவில்லை.

டிரெய்லர் என்றால் பெரிய லாரிக்குப் பின்னால் வரும் நீளமான வண்டி அல்ல. இரண்டு சக்கரம், இரும்புச் சட்டம், அதன்மேல் பச்சைப் பெயின்ட் அடித்த டீசல் ஜெனரேட்டர், முன்னால் டெம்போவில் மாட்டி இழுக்க ஒரு கொக்கி. அவ்வளவுதான். குர்லாவில் கல்யாணம், ஆண்டாப் ஹில்லில் ஜெபக்கூட்டம், தெருமுனையில் கணபதி என்று எங்கே கரண்ட்டை நம்ப முடியாதோ அங்கே அது போகும். புருஷன் சுயம்பு இருந்தவரை மைக் செட்டும் சேர்ந்து ஓடியது. அவன் போனபின் மைக்கை விற்றுவிட்டு ஜெனரேட்டரை மட்டும் அவள் வைத்துக்கொண்டாள். மகள் மாலதியைக் கல்யாண் ஊரில் கட்டிக்கொடுத்ததும், மாதா மாதம் வீட்டில் உலை கொதிப்பதும் இந்த இரண்டு சக்கரத்தால்தான். அவளுக்கு வேறு தொழில் தெரியாது.

இது இரண்டாவது டிரெய்லர். முதலாவதைக் குர்லாவில் ஒரு கல்யாண மண்டபத்து வாசலில் பறிகொடுத்தாள். பந்தியில் உட்கார்ந்து ரசத்துக்குக் கையைக் குவித்த நேரத்தில் அது போயிருக்க வேண்டும். வெளியே வந்தபோது சொட்டிய எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது. வாட்ச்மேன், உன் ஆட்கள்தானே மாட்டிக்கொண்டு போனார்கள் என்றான். போலீசில் எழுதிக் கொடுத்தாள். ஒன்றும் நடக்கவில்லை. பைக்கைத் தள்ளிக்கொண்டு போகிறவனையாவது நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். டிரெய்லரை இழுத்துக்கொண்டு போகிறவனை ஒருவரும் பார்ப்பதில்லை. இழுக்கிறவன்தான் சொந்தக்காரன் என்று உலகம் எடுத்துக்கொள்கிறது. சொந்தம் என்பதற்கு நாம் காட்டும் சான்றுகளில் பெரும்பாலானவை இவ்வளவுதான் என்று அவளுக்கு அன்று தோன்றியதாகச் சொல்ல முடியாது. அன்று அவள் அழுதாள்.

அப்போது நேர்ந்துகொண்டதுதான் பால்குடம். இன்னொரு வண்டி வாங்கும்படி அம்மன் வழி விட்டால், மூன்று வருடம் தொடர்ந்து காப்புக் கட்டிப் பால்குடம் எடுக்கிறேன் என்று நேர்ந்தாள். வண்டி வந்தது. இது மூன்றாவது வருடம்.

புது வண்டியை அவள் காத்த விதம் தெருவுக்கே சிரிப்பாக இருந்தது. கொக்கிக்கு ஒரு பூட்டு. சக்கரத்தையும் நடைபாதை இரும்புக் கம்பியையும் சேர்த்துச் சுற்றிய சங்கிலிக்கு இன்னொரு பூட்டு. இதெல்லாம் எல்லோரும் செய்வது. அவள் அதற்கும் மேலே போய், வேலை முடிந்து வந்ததும் ஜாக்கி வைத்துத் தூக்கி, ஒரு சக்கரத்தைக் கழற்றி, சந்துக்குள் உருட்டிக்கொண்டு வந்து கட்டிலுக்கு அடியில் போட்டுக்கொள்வாள். ஒற்றைச் சக்கர வண்டியை எவன் இழுப்பான்? வடிவு மதினி சக்கரத்துக்குத் தாலாட்டுப் பாடுகிறாள் என்று குழாயடியில் பெண்கள் கேலி பேசினார்கள். பாடினால் என்ன, அது எழுந்து குடித்துவிட்டு வராது என்றாள் அவள்.

காப்புக் கட்டிய செவ்வாயோடு அந்தப் பழக்கம் நின்றுபோனது.

கமிட்டி கொடைக்கென்று வெளியிலிருந்து பெரிய ஜெனரேட்டர் எடுத்திருந்தது. பந்தலும் விளக்கு வளைவும் இந்த ஓரத்தை அடைத்துக்கொண்டதால் அவள் வண்டிக்கு இடமில்லை. எதிரே, தௌஃபீக்கின் வெல்டிங் பட்டறைச் சுவரோரம், வழக்கமான இடத்திலேயே நின்றது. தௌஃபீக் உத்தரப் பிரதேசத்துக்காரன். கரண்ட் போன நேரம் அவளுடைய ஜெனரேட்டரிலிருந்து அவனுக்கு ஒரு வயர், அதற்குப் பதில் சுவரோரம் இவளுக்கு இடம் என்று இருவருக்கும் ஒரு கணக்கு. அதற்குமேல் பேச்சு கிடையாது.

கொடை வாரத்திலும் வெளி வேலைகளை விட முடியவில்லை. மற்ற நாளென்றால் டெம்போவில் டிரைவர் பக்கத்தில் அவளே உட்கார்ந்து போவாள். இப்போது கோயில் வேலைக்கு நின்ற ஆட்களில் காப்புக் கட்டாத யாரையாவது கெஞ்சி, சாவி கொடுத்து அனுப்ப வேண்டியிருந்தது. இன்று வந்தவன் நாளை வரமாட்டான். எல்லோர் தோளிலும் கமிட்டி கொடுத்த மஞ்சள் துண்டு. சக்கரத்தைக் கழற்றி இந்தப் பக்கம் கொண்டுவா என்றால் முதல் நாள் ஒருவன் செய்தான். அடுத்த நாள் வந்தவன், ரெண்டு பூட்டு கெடக்கே சித்தி, பொறவு எதுக்கு என்று சாவியை அவள் கையில் போட்டுவிட்டுப் போனான்.

தௌஃபீக் காலையில் இட்லி வாங்க இந்தப் பக்கம் வந்தபோது, தினம் ஒரு புது முகம் வண்டியை எடுக்கிறதே, யாரை விடுவது என்று கேட்டான். மஞ்சள் துண்டு போட்டிருந்தால் நம் ஆள், எடுக்கட்டும் என்று அவள் இந்தியில் சொன்னாள். சொன்னபோது அது நல்ல ஏற்பாடாகத்தான் தெரிந்தது.

அவளால் ஆன காவல் ஒன்றுதான். கம்பத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். பூக்கட்டினாள், வெற்றிலை அடுக்கினாள். கண் மட்டும் பஸ்களுக்கும் ஆட்டோக்களுக்கும் இடையில் புகுந்து பச்சை நிறத்தைத் தேடிக்கொண்டே இருந்தது. ஒரு டபுள் டெக்கர் மறைத்துக்கொண்டு நின்றால் அது நகரும்வரை பூக்கட்டும் கை நின்றுவிடும். அப்படி நாள் முழுவதும் ஒரு பொருளையே பார்த்துக்கொண்டிருக்கிறவர், தான் என்ன பார்க்கிறோம் என்பதை மற்றவர்களுக்கும் காட்டிக்கொண்டிருக்கிறார். வண்டி யாருடையது, அவள் ஏன் ரோட்டைத் தாண்டுவதில்லை, எந்த நிறத் துண்டு போட்டவர்களிடம் பட்டறைக்காரன் ஒன்றும் கேட்பதில்லை என்பதெல்லாம் பக்கத்து டீக்கடையில் நின்ற எவருக்கும் தெரிந்துவிடக்கூடியவை.

கொடைச் செவ்வாய் மதியம் நாற்காலி காலியானது.

உச்சிக் கொடைக்குப் பால்குடம் பிள்ளையார் கோயிலிலிருந்து கிளம்பும். ஈர மஞ்சள் புடவையோடு, தலையில் குடத்தோடு, ரோட்டு ஓரமாக வந்து கம்பத்தடியில் சந்துக்குள் திரும்பும். வடிவு வரிசையில் நடுவில் வந்தாள். குடத்தைத் தலையில் ஏற்றியபின் கோயில் நடைவரை இறக்கக் கூடாது, பிறர் கைக்கு மாற்றவும் கூடாது. கொடையன்று செருப்பும் கிடையாது. பால்குடக்காரர்கள் மட்டுமல்ல, மஞ்சள் துண்டு போட்ட ஒவ்வொருவரும் விடியலிலிருந்து வெறுங்கால்தான். உருகும் தாரில் அவர்கள் குதித்துக் குதித்துப் போவதைப் பார்த்து வருடா வருடம் சிரிப்பவன் தௌஃபீக். ஒருமுறை இரக்கப்பட்டு வாளித் தண்ணீரை ரோட்டில் ஊற்றவும் செய்தான்.

கம்பத்தை நெருங்கும்போது குடத்தைப் பிடித்த கைகளுக்கு நடுவே அவள் எதிர்ப்பக்கத்தைப் பார்த்தாள். பச்சை நிறத்துக்குக் கீழே நெருப்புப் பொறி பறந்தது.

முதலில் தௌஃபீக் ஏதோ வெட்டுகிறான் என்று நினைத்தாள். பிறகு அவன் பட்டறை வாசலில் கைகட்டி நிற்பது தெரிந்தது. அவனுடைய கட்டிங் மெஷினைப் பிடித்துக் குனிந்திருந்தவன் வேறொருவன். தோளில் மஞ்சள் துண்டு. இன்னொரு மஞ்சள் துண்டு, டெம்போவுக்குக் கையைக் காட்டிப் பின்னால் வரச் சொல்லிக்கொண்டிருந்தது. சாவி அவள் இடுப்பில் இருந்தது. அவள் யாரையும் அனுப்பவில்லை.

கூப்பிட்டாள். மேளம் அவள் குரலைத் தின்றது. குடத்தை விட்டுக் கையை வீசவும் முடியவில்லை. வரிசையைப் பார்த்துக்கொண்டு வந்த கமிட்டித் தலைவர் நாகராஜ் அவள் நின்றதைக் கண்டு அருகே வந்தார். அவள் முகத்தாலேயே காட்டினாள்.

"அண்ணாச்சி, என் வண்டிய அறுக்கானுவ."

நாகராஜ் பார்த்தார். அவர் பதறாத மனிதர். போலீசுக்குப் போன் போட்டுக் காதில் வைத்துக்கொண்டே, காப்புக் கட்டாதவன் எவனாவது இருக்கானா என்று சுற்றிப் பார்த்தார். இருந்தவர்கள் எல்லாம் சந்துக்குள் அன்னதானப் பந்தியில் சாம்பார் வாளியோடு நின்றார்கள். ஒருவனைக் கூட்டிவர ஆள் ஓடியது. அந்த ஆளும் காப்புக் கட்டியவன், எல்லைக்கு உள்ளேதான் ஓட முடியும்.

எதிரே பொறி நின்றது. சங்கிலி கீழே விழுந்ததை அவள் கேட்கவில்லை, பார்த்தாள். மெஷின் இப்போது கொக்கிப் பூட்டுக்கு நகர்ந்தது.

"பொறு வடிவு. ஆளு வந்துட்டுருக்கான்" என்றார் நாகராஜ். "கம்பத்தத் தாண்டிராத."

அவள் கம்பத்தைப் பார்த்தாள். வேப்பங்குழை எட்டு நாள் வெயிலில் காய்ந்து சுருண்டிருந்தது. இந்த எட்டு நாளும் உப்பில்லாத ஒருவேளைச் சோறு, தரையில் படுக்கை, இரண்டு வருடப் பால்குடம், எல்லாம் அந்தக் குழைக்கு இந்தப் பக்கம் இருந்தன. எதற்காக நேர்ந்தாளோ அது அந்தப் பக்கம் இருந்தது. எதிரே டெம்போ இரண்டு முறை முன்னும் பின்னும் நகர்ந்து கொக்கிக்கு நேராக வந்தது. இரண்டையும் வைத்துக்கொள்ளும் வழி ஏதாவது இருந்திருக்கலாம். அதை யோசிக்கும் அளவுக்கு டெம்போக்காரன் நேரம் கொடுக்கவில்லை.

குடத்தோடே இறங்கினாள்.

பின்னாளில் பலர் அதைத் துணிச்சல் என்றார்கள். அந்தச் சொல் அவ்வளவு பொருத்தமாகப் படவில்லை. அடுப்பில் பால் பொங்கும்போது வெறுங்கையால் பாத்திரத்தைப் பிடிக்கிறவளை யாரும் துணிச்சல்காரி என்பதில்லை. அவள் ஓடவில்லை. ஓடினால் குடம் சரியும். கழுத்தை நிமிர்த்தி, அளந்து வைத்த அடியில், வாகனங்களுக்கு நடுவே நடந்தாள். ஒரு டாக்சி அவள் முழங்காலுக்குச் சாண் தூரத்தில் நின்றது. ஹாரன் அடிக்க வந்த கை, குடத்தைக் கண்டு ஸ்டியரிங்கிலேயே நின்றது. டிவைடரில் ஏறும்போது பால் தளும்பி நெற்றியில் வழிந்தது. பின்னால் மேளம் தடுமாறி, ஒவ்வொன்றாக நின்றது. அந்த அமைதிதான் அவள் முதுகில் சூடாகப் பட்டது.

டெம்போ கிளம்பும்போது அதன் முன்னால் போய் நின்றாள்.

டிரைவர் பிரேக்கை மிதித்தான். இவள் யார் என்று தெரியாத முகம் அவனுக்கு. பக்கத்தில் ஏறியிருந்த மஞ்சள் துண்டுக்காரன் தலையை நீட்டி, அம்மா தள்ளு, கோயில் ஜெனரேட்டர் நின்றுபோச்சு, அவசரம் என்று இந்தியில் சொன்னான். வண்டிக்கார அக்கா அனுப்பிய ஆள் நாங்கள் என்றும் சேர்த்துக்கொண்டான். தௌஃபீக்கிடமும் அதைத்தான் சொல்லியிருக்கிறார்கள். சாவியைத் தொலைத்துவிட்டோம், பூசை நின்றுகிடக்கிறது, மெஷினைக் கொடு என்று கேட்க, இவனும் கொடுத்திருக்கிறான். இப்போது தௌஃபீக் அவளையும் அவர்களையும் மாறி மாறிப் பார்த்தான். எல்லோரும் மஞ்சள். எல்லோரும் அவசரத்தில். இரு தரப்புமே உங்கள் ஆட்கள்தானே, நடுவில் நான் யார் என்பதுபோல நின்றான்.

அவர்களை எனக்குத் தெரியாது என்று அவள் சொல்லியிருக்கலாம், எடுபட்டிருக்காது. வாரம் பூராவும் அவளுக்கே பெயர் தெரியாத ஆட்கள்தான் வண்டியை எடுத்தார்கள். டிரைவர் கியரைப் போட்டான். பம்பர் அவள் புடவையைத் தொட்டது.

"தௌஃபீக் பாய்," என்றாள். குரல் உயரவில்லை. "இன் லோக் கா பாவ் தேக்கோ."

இவர்கள் காலைப் பார்.

தௌஃபீக் பார்த்தான். கீழே நின்றவன் காலில் வெள்ளை ஸ்போர்ட்ஸ் ஷூ. அதற்கு எதிரே, கொதிக்கும் தாரில், பால் சிந்திய அவளுடைய வெறும் பாதம்.

அவன் இரண்டு எட்டில் வந்து டெம்போவின் ஜன்னலுக்குள் கையை விட்டுச் சாவியைத் திருகி உருவினான். ஷூ போட்டவன் மெஷினைக் கீழே எறிந்துவிட்டு ஓடினான். உள்ளே இருந்தவன் மறுபக்கக் கதவால் குதித்து, துண்டை உதறிவிட்டு ரயில்வே ஸ்டேஷனுக்குப் போகும் கூட்டத்தில் கலந்தான். டிரைவர் மட்டும் இரண்டு கையையும் தூக்கி, குர்லா நாக்கா முனையில் வாடகைக்குப் பிடித்தார்கள், தனக்கு ஒன்றும் தெரியாது என்று திரும்பத் திரும்பச் சொன்னான். அது உண்மையாகவும் இருக்கலாம். பின்னால் வந்த போலீஸ் அவனை அழைத்துக்கொண்டு போனது.

அவளால் உடனே திரும்ப முடியவில்லை. பூட்டும் இல்லை, சங்கிலியும் இல்லை. தௌஃபீக் அவள் முகத்தைப் பார்க்காமல், டெம்போவிலிருந்து வண்டியைக் கழற்றித் தள்ளி, அறுந்த சங்கிலியை எடுத்துச் சக்கரத்தையும் கம்பியையும் சேர்த்துச் சுற்றினான். அறுத்த கண்ணியை வெல்டிங் வைக்கிறேன், கொஞ்சம் நில் என்றான். மெஷின் கொடுத்த கைதான் ஒட்டவும் செய்தது. அவள் தலையில் குடத்தோடு, வெல்டிங் வெளிச்சத்துக்குக் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். ரோட்டுக்கு அந்தப் பக்கம் கொடை முழுவதும் அவளைப் பார்த்துக்கொண்டு நின்றது.

திரும்பி வந்தபோது கம்பத்தடியில் நாகராஜ் குறுக்கே நின்றார்.

"அங்கனயே நில்லு வடிவு."

"வழி விடுங்க அண்ணாச்சி. கழுத்து போவுது."

"காப்பு கட்டுன கையோட எல்லை தாண்டிட்ட. இந்தப் பால எப்படி அம்மனுக்கு ஊத்த? நீயே சொல்லு பாப்போம்."

"அம்மன் எங்கயும் போவ மாட்டா அண்ணாச்சி," என்றாள் அவள். "வண்டி போயிரும்."

வரிசையில் யாரோ ஒருத்தி சிரிப்பை அடக்கினாள். நாகராஜ் சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை.

"நீ சொல்லுதது வாஸ்தவம்தான். உன் எடத்துல நான் இருந்தா நானும் போயிருப்பேன். ஆனா இன்னைக்கு உன்னைய விட்டா, நாளைக்கு ஒவ்வொருத்தனும் ஒரு வண்டியக் காட்டுவான். பொறவு நான் எங்க போயி கம்பம் நட?"

அவரும் எட்டு நாளாக ஒன்றைக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அவருடையதற்குப் பூட்டு கிடையாது, சக்கரம் கிடையாது. ஒரு சுருண்ட வேப்பங்குழைதான்.

"இறக்கவும் கூடாது, உள்ள வரவும் கூடாதுன்னா நான் என்ன செய்ய? அப்ப இங்கன ஊத்திருதேன்."

அப்படி ஊற்றலாமா கூடாதா என்று யாருக்கும் தெரியவில்லை. அதற்குச் சட்டம் யாரும் போட்டிருக்கவில்லை. நாகராஜ் ஒதுங்கினார், சந்து வாசலை விட்டல்ல, கம்பத்தை விட்டு. அவள் குடத்தைச் சாய்த்தாள். பால் கம்பத்தில் இறங்கி, ஒட்டியிருந்த பழைய போஸ்டர்களை நனைத்து, வேர்போல நாலாகப் பிரிந்து சாக்கடைப் பக்கம் ஓடியது. மேளம் மறுபடி எழுந்தது. வரிசை அவளைச் சுற்றிக்கொண்டு சந்துக்குள் போனது.

மூன்றாவது வருடம் கணக்கில் சேருமா, இல்லை முதலிலிருந்து தொடங்க வேண்டுமா என்று அப்புறம் கேட்டாள். கமிட்டி கூடிப் பேசுவோம் என்றார் நாகராஜ். எல்லையைப் பழையபடி எதிர் ஓரத்துக்கு மாற்றினால் என்ன என்றும் கேட்டாள். அதையும் பேசுவோம் என்றார்.

வெயில் இறங்கியதும் ஜாக்கியை எடுத்துக்கொண்டு அவள் ரோட்டைத் தாண்டினாள். இனி அவளைத் தடுக்க ஒன்றுமில்லை. அது விடுதலைபோலவும் இல்லை. தௌஃபீக் உதவிக்கு எழுந்தான், வேண்டாம் என்றாள். வெல்டிங் வைத்த கண்ணியை இழுத்துப் பார்த்தாள். நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும் சக்கரத்தைக் கழற்றினாள்.

கையில் அறுபடாத காப்போடு அதை உருட்டிக்கொண்டு வந்தாள். கம்பத்தடியில் பால் காய்ந்து வெள்ளையாகத் திட்டுத் திட்டாக இருந்தது. நேராக உருட்டினால் அதன் மேல்தான் ஏறும். சக்கரத்தைச் சாய்த்து, அந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு, சந்துக்குள் திரும்பினாள்.